வள்ளத்தில் இருந்த இரண்டாவது ஆள்

மாமா,

இப்போதுதான் யன்னல் ஷட்டரை இறக்கினேன். சத்தம் வராமல், கொஞ்சம் கொஞ்சமாக. ஷட்டரை ஏற்றி இறக்கும் பட்டி மேலே ஏறும்போது நீங்கள் போட்ட முடிச்சு உள்ளங்கையில் தட்டியது. ஒவ்வொரு இரவும் தட்டுகிறதுதான். இன்று மட்டும் அதைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன்.

பட்டி அறுந்த அன்று வீட்டுக்காரர் ஆள் அனுப்புவதாகச் சொன்னார். ஆள் வரவேயில்லை. நீங்கள் வேலைச் சட்டையோடு நாற்காலியில் ஏறி இரண்டு நுனிகளையும் சேர்த்து முடிந்தீர்கள். "உது இனி அறாது. வீடு இடிஞ்சாலும் உது கிடக்கும்" என்றீர்கள். அது அறவில்லை. ஆனால் முடிச்சு மேல் துவாரத்துக்குள் நுழைவதில்லை. ஷட்டர் அடியில் ஒரு சாண் இடைவெளி விட்டு நின்றுவிடுகிறது. அம்மா அதற்காக உங்களை ஒரு வருடம் ஏசினார். இன்று எனக்கும் அந்த இடைவெளி பயமாக இருக்கிறது. மேசை விளக்கின் வெளிச்சம் அதனூடாக வெளியே போய் முற்றத்து மரத்தில் விழுகிறது. அம்மாவின் யன்னலில் இருந்து அந்த மரம் தெரியும்.

பன்னிரண்டு மணி தாண்டிவிட்டது. தமிழில் எழுதுகிறேன். இந்த ஜெர்மனிக்காரரின் டொச்சில் எழுதினால், "எனக்கு உதை ஆர் வாசிச்சுக் காட்டுறது?" என்று கேட்பீர்கள். வெளிச்சம் தெரியாமலிருக்கக் கதவடியில் குளிக்கிற துவாயை மடித்து வைத்திருக்கிறேன். விடிந்ததும், முதல் பாடத்துக்கு முன், பிரெஞ்சு ஆசிரியையிடம் ஒரு பழைய புத்தகத்தைக் கொடுக்க வேண்டும். அப்படி ஒரு புத்தகம் உலகத்தில் இல்லை. அது உங்களுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். இப்போது எனக்கு மட்டும்தான் தெரியும்.

அந்தப் பெட்டியை நினைவிருக்கிறதா? கார்த்திகை மாதம் ஆசிரியை ஒரு சப்பாத்துப் பெட்டிக்குள் துண்டுக் காகிதங்களைப் போட்டுக் குலுக்கினார். ஒவ்வொன்றிலும் மறக்கப்பட்ட ஒரு பிரெஞ்சு விளையாட்டு வீரரின் பெயர். எடுத்த பெயரைப் பற்றி வகுப்பின் முன்னால் பத்து நிமிடம் பேச வேண்டும். என் பக்கத்தில் இருப்பவளுக்குச் சைக்கிள்காரர் ஒருவர் கிடைத்தார். அவரைப் பற்றி இரண்டு புத்தகங்கள் இருந்தன. எனக்குக் கிடைத்தவர் நூறு வருடங்களுக்கும் முன்பு பாரிஸுக்கு வெளியே ஆற்றில் படகில் பாய் விரித்துப் போட்டி ஓடியவர். அவரைப் பற்றி எங்கு தேடினாலும் அதே நாலு வரிதான் வந்தது.

நான் குசினி மேசையில் தலையைக் கவிழ்த்து அழுதேன். நீங்கள் வேலையால் வந்து, கையில் சலவைத் தூள் மணக்க, எதிரே இருந்தீர்கள்.

"நாலு வரிக்கோ அழுறாய்? வாசி பாப்பம்."

நான் தமிழாக்கி வாசித்தேன். இன்ன பெயர். இன்ன ஆற்றில், சிறிய படகுகளுக்கான போட்டியில் ஓடினார். படகில் இரண்டு பேர், காற்று மிகக் குறைவு, நாலாவது இடம். பிறந்த நாள் தெரியாது, இறந்த நாள் தெரியாது.

"செத்தது தெரியாதெண்டால் ஆள் இருக்கவும் கூடும்" என்றீர்கள். எனக்கு அழுகைக்குள் சிரிப்பு வந்தது. பிறகு தேத்தண்ணியை ஆற்றியபடி யோசித்தீர்கள். "அதுசரி, ஆத்துக்குள்ள பாய்ப் போட்டி வைக்க ஆருக்கு விசர்? ரெண்டு பக்கமும் மரம் நிண்டால் காத்தெல்லாம் மரத்துக்குத்தானே."

அந்த இரவு முழுதும் அந்த மனிதர் எங்கள் குசினியில் இருந்தார். முதலில் "உன்ர பிரெஞ்சுக்காரன்" என்றீர்கள். தேத்தண்ணி முடிவதற்குள் "எங்கட ஆள்" ஆகிவிட்டார்.

உங்களை ஆஸ்பத்திரி விரிப்புகள் மடிக்கிறவராக மட்டும்தான் எனக்குத் தெரியும். காலையில் ஐந்து மணி ட்ராமில் சலவைத் தொழிற்சாலைக்குப் போய், வெள்ளை விரிப்புகளை நாலாக மடித்து, எட்டாக மடித்து, மாலையில் முதுகைப் பிடித்துக்கொண்டு வருகிறவர். ஊரில் வள்ளம் ஓட்டியவர் என்று அம்மா சொல்லியிருந்தார். நீங்கள் அதைப் பற்றிக் கதைத்ததில்லை. அன்று விளக்குமாற்றுத் தடியில் என் கட்டில் விரிப்பைக் கட்டி, யன்னலைத் திறந்து, இந்தப் பக்கம் பிடி, அந்தப் பக்கம் இளக்கு என்று என்னை ஆட்டிவைத்தீர்கள். குளிர்காற்று விரிப்பை ஒருமுறை புடைக்கச் செய்தது. உங்கள் முகத்தை அப்போது பார்த்தேன்.

அம்மா சத்தம் கேட்டு வந்தார். "அண்ணை, வேலையிலயும் விரிப்பு, வீட்டிலயும் விரிப்போ? பிள்ளைக்குத் தடிமன் பிடிக்கப்போகுது."

"இது படிப்பு" என்றீர்கள். "நீ போய்ப் படு."

அடுத்த ஞாயிறு ரூர் ஆற்றங்கரைக்குப் போனோம். நீங்கள் ஒரு அப்பிளை வெட்டி, ஒரு பாதியை நடு ஆற்றிலும் மற்றப் பாதியைக் கரையோரத்திலும் எறிந்தீர்கள். நான் கைபேசியில் நேரம் பிடித்தேன். நடுவில் விழுந்தது ஓடிவிட்டது. கரையோரத்தில் விழுந்தது புல்லைத் தொட்டுத் தொட்டுப் போனது.

"பாத்தியே? ஆறு நடுவில ஓடுது, கரையில நடக்குது. காத்து இல்லாத நாளில எதிர்த்துப் போறவன் கரையோட ஒட்டித்தான் போகோணும். எங்கட ஆள் அப்பிடித்தான் போயிருப்பான். நடுவால போனவங்கள் பின்னுக்குப் போயிருப்பாங்கள்."

"அப்ப ஏன் மாமா நாலாவது?"

நாயோடு வந்த ஒரு மனிசி எங்களைக் கடந்து போகும் வரைக்கும் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

"அவனோட தம்பி இருந்தவன்."

"தம்பியெண்டு ஒரு இடமும் இல்லையே."

"ரெண்டு பேர் எண்டு போட்டிருக்கல்லோ. ஒராளின்ர பேர்தானே இருக்கு. பேர் போடாத ஆள் எப்பவும் தம்பிதான்."

பிறகு ட்ராமில் வரும்போது சொன்னீர்கள். எங்கட ஆள் முதலாவதாக வந்துகொண்டிருந்தான். தம்பி பின்னால் இருந்து தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தான். திடீரென்று தம்பியின் சத்தம் நின்றது. திரும்பிப் பார்த்தால் ஆள் இல்லை, தண்ணீரில் தலை. எங்கட ஆள் பாயை இறக்கினான், வள்ளத்தைத் திருப்பினான். மற்ற வள்ளங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அவனைக் கடந்து போயின. கரையில் இருந்தவர்கள் விசரன், விசரன் என்று கத்தினார்கள்.

"அவனுக்குக் கவலையோ மாமா?"

"என்னத்துக்கு? தம்பி வள்ளத்துக்குள்ள வந்திட்டான்தானே."

இறங்கவேண்டிய தரிப்பிடத்தைத் தாண்டிப் போய்விட்டோம். இரண்டு பேருமே கவனிக்கவில்லை.

நான் எல்லாவற்றையும் எழுதினேன். நீங்கள் ஊகித்துச் சொல்வதாகத்தான் நினைத்தேன். மரம் காற்றை மறிக்கும் என்று சொன்ன மாதிரி, ஆறு கரையில் மெதுவாகப் போகும் என்று சொன்ன மாதிரி, இதுவும் ஒரு கணக்கு. ஆனால் வகுப்பில் பேசும்போது "இருக்கலாம்", "போல" என்ற சொற்கள் எப்படியோ கழன்று விழுந்துவிட்டன. தம்பி விழும் இடத்தில் பின்வரிசைப் பெடியன்கள்கூடக் கைபேசியைப் பார்க்கவில்லை. ஆசிரியை எனக்கு ஒன்று போட்டார். இங்கே ஒன்றுதான் மிக உயர்ந்த புள்ளி, ஆறுதான் மிகக் கீழ். ஒன்பதாம் வகுப்பில் எனக்குக் கிடைத்த முதல் ஒன்று.

பிறகுதான் அவர் கேட்டார், இதையெல்லாம் எங்கே கண்டுபிடித்தாய் என்று. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். "ஒரு பழைய புத்தகம். என் மாமாவிடம் இருக்கிறது" என்று சொல்லிவிட்டேன். நான் யோசித்துச் சொல்லவில்லை. வாய் சொல்லிவிட்டது.

வீட்டுக்கு வந்து உங்களிடம் மட்டும் சொன்னேன். முதலில் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். "நானோ புத்தகம்? எத்தின பக்கம்? படம் கிடம் இருக்கோ?" பிறகு சிரிப்பு நின்றது. "அது பிழை, பிள்ளை. கதை சொன்னது பிழையில்லை, புத்தகம் எண்டது பிழை. ஒருநாள் கேப்பினம். கேக்கேக்க உண்மையைச் சொல்லு. தனியப் போகாதை. நானும் வாறன்."

நீங்கள்தான் என் பெற்றோர் கூட்டங்களுக்கு எல்லாம் வந்தவர். ஆசிரியர்கள் சொல்வது பாதி விளங்காவிட்டாலும் வெள்ளைச் சட்டை போட்டு, முதல் கதிரையில் நிமிர்ந்து இருப்பீர்கள். அம்மாவுக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து கடிதம் வந்தாலே உறையைப் பிரிக்கப் பயம். இந்த நாட்டுக்கு வந்த காலத்தில், திருப்பி அனுப்புவோம் என்று வந்த கடிதங்கள் அப்படி. "பள்ளிக்கூடத்தில ஒரு பிரச்சினையும் எடுத்துப்போட்டு வராதை" என்பதுதான் அம்மா என்னிடம் கேட்கும் ஒரே காரியம்.

தைப்பொங்கல் கழிந்த கிழமை நீங்கள் தொழிற்சாலையில் விழுந்தீர்கள். நெஞ்சு. நாங்கள் ஆஸ்பத்திரிக்குப் போனபோது கட்டிலில் வெள்ளை விரிப்பு ஒரு சுருக்கம் இல்லாமல் மடித்து விடப்பட்டிருந்தது. அதை யார் மடித்திருப்பார்கள் என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது.

முப்பத்தோராம் நாள், உங்கள் அந்தியேட்டி அன்று மண்டபத்தில் சாப்பாடு பரிமாறிக்கொண்டிருந்தேன். பாரிஸிலிருந்து உங்கள் பழைய கூட்டாளி வந்திருந்தார். வெள்ளைத் தாடி, பெரிய குரல். என்னைக் கூப்பிட்டு, "உன்ர மாமன் ஒருக்காத்தான் போட்டிக்கு வள்ளம் விட்டவன், தெரியுமோ?" என்றார். "கோயில் திருவிழாவுக்கு. நல்ல முன்னுக்கு வந்துகொண்டிருந்தவன், பாயை இறக்கிப்போட்டுத் திரும்பிட்டான். தம்பிக்காரன் தண்ணிக்குள்ள. நாங்கள் எல்லாரும் கரையில நிண்டு விசரன் எண்டு கத்தினனாங்கள்."

"எத்தினையாவதா வந்தவர், அங்கிள்?"

"அதைக் கேளாதை" என்று சிரித்தார்.

என் கையில் இருந்த பருப்பு வாளி கனத்தது. உங்கள் தம்பியை, சின்ன மாமாவை, எனக்குச் சாமித்தட்டில் இருக்கும் படத்தில் மட்டும்தான் தெரியும். ஒருநாள் கடலுக்குப் போனார், திரும்பவில்லை. அதற்கு மேல் நம் வீட்டில் யாரும் சொல்வதில்லை. பேர் போடாத ஆள்.

அப்படியென்றால் நான் வகுப்பில் சொன்னது எல்லாம் உண்மை. ஆள் மட்டும் மாறிவிட்டது.

இப்போது என்ன நடந்திருக்கிறது என்றால், சனிக்கிழமை பள்ளிக்கூடத்தில் எல்லாரும் வந்து பார்க்கும் நாள். பிரெஞ்சு நகரம் ஒன்றிலிருந்து விருந்தினர்களும் வருகிறார்கள். என் கட்டுரையைப் பெரிதாக அச்சடித்துப் படிக்கட்டுச் சுவரில் மாட்டப்போகிறார்கள். ஆசிரியை இரண்டு காரியம் கேட்டிருக்கிறார். ஒன்று, குவெலன், அதாவது எங்கிருந்து எடுத்தேன் என்ற பட்டியல். இரண்டு, அந்தப் பழைய புத்தகம். கண்ணாடிப் பெட்டியில் வைப்பார்களாம். "பிரெஞ்சு விருந்தினர்கள் அதைப் பார்க்க எவ்வளவு ஆசைப்படுவார்கள்" என்றார். அவர் அவ்வளவு சந்தோஷமாகச் சொன்னதுதான் எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது.

உண்மையைச் சொன்னால் ஒன்று போய் ஆறு வரும். ஏமாற்று என்று எழுதி அம்மாவுக்குக் கடிதம் வரும். சொல்லாவிட்டால் சுவரில் ஒரு பொய் தொங்கும், அதன் கீழே என் பெயர். புத்தகம் தொலைந்துவிட்டது என்று சொல்லலாம் என்று மூன்று நாளாக யோசித்தேன். மாமா செத்துவிட்டார், அவருடைய பொருட்களோடு போய்விட்டது என்று. யாரும் மேற்கொண்டு கேட்கமாட்டார்கள். அந்த வசனத்தை டொச்சில் எழுதியும் வைத்தேன். அது மிக நன்றாக இருந்தது. வாசித்துப் பார்த்தபோதுதான் விளங்கியது. உங்கள் சாவை ஒரு சாட்டாக்கிவிட்டேன். கிழித்துவிட்டேன்.

நானும் வாறன் என்றீர்கள், மாமா.

இந்த இடத்தில் எழுத்தை நிறுத்த வேண்டி வந்தது. இப்போது மணி நாலு இருபது. என்ன நடந்தது என்று சொல்கிறேன்.

அம்மாவுக்கு ஐந்து மணிக்கு அலுவலகக் கட்டடத்தில் துப்புரவு வேலை என்பது உங்களுக்குத் தெரியும். மூன்றரைக்கு எழும்பியிருக்கிறார். கதவு திறக்க ஏலாமல் துவாயில் முட்டியது.

"என்னடி துவாய்? மரம் முழுக்க வெளிச்சம் தெரியுது. ஆருக்கு எழுதுறாய்? பெடியனுக்கோ?"

"மாமாவுக்கு."

அம்மா உள்ளே வந்து அப்படியே என் கட்டில் நுனியில் இருந்துவிட்டார். பிறகு எல்லாம் சொன்னேன். சொல்லும்போது சுவரைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னேன். அம்மா ஏசவில்லை. "அந்தக் கட்டுரையை வாசி" என்றார். டொச்சில் இருந்ததைத் தமிழாக்கி வாசித்தேன், அன்று நாலு வரியை உங்களுக்கு வாசித்த மாதிரி. தம்பி தண்ணீரில் விழும் இடம் வந்தது.

"அவன் விழேல்லை" என்றார் அம்மா.

"என்ன?"

"குதிச்சவன். தண்ணி இறைக்கிற தகரப் பேணி கை தவறிப் போயிட்டுது. அது பக்கத்து வீட்டு மனிசியின்ர பேணி. திருப்பிக் குடுக்காட்டி ஊர் முழுக்கப் பேசித் திரிவா எண்டு பயந்து குதிச்சவன், விசரன். நான் கரையில நிண்டு பாத்தனான்."

"பிறகு?"

"பிறகென்ன. அண்ணை அவனையும் ஏத்தி, பேணியையும் ஏத்திக்கொண்டு வந்தார். நாலாவதோ? அவர் உனக்கு நாலாவது எண்டே சொன்னவர்?"

"இல்லையம்மா, நாலாவது பிரெஞ்சுக்காரர்."

"அதுதானே. எங்கட அண்ணை கடைசி. சனம் சாப்பிடப் போயிட்டுது. நானும் நாயும்தான் கரையில."

அம்மா சிரித்தார், மாமா. வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க. நீங்கள் போனபிறகு இந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு. அது பாதியில் வேறாக மாறியது. நான் பக்கத்தில் போய் இருந்தேன்.

கொஞ்ச நேரத்தில் எழும்பிச் சாமித்தட்டுக்குப் போனார். சின்ன மாமாவின் படத்தைக் கழற்றிப் பின் அட்டையைத் திறந்தார். உள்ளே இன்னொரு படம் இருந்தது. மூலை தின்னப்பட்ட, மங்கிய படம். இரண்டு பெடியன்கள் நனைந்தபடி ஒரு வள்ளத்தில் சாய்ந்து நிற்கிறார்கள். பெரியவருக்கு மீசை இப்போதுதான் அரும்புகிறது. சின்னவர் ஒரு தகரப் பேணியை வெற்றிக் கிண்ணம் மாதிரித் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருக்கிறார். பெரியவர் போட்டோக்காரரைப் பார்க்கவில்லை. தம்பியைப் பார்த்துச் சிரிக்கிறார்.

"இதைக் குடு" என்றார் அம்மா. "கண்ணாடிப் பெட்டிக்குள்ள வைக்க ஏதோ கேட்டவையல்லோ. வைக்காட்டியும் காட்டு. பத்திரமாத் திருப்பிக் கொண்டு வா."

"ஆறு போடுவினம் அம்மா. உங்களைக் கூப்பிடுவினம்."

அம்மா கைபேசியை எடுத்தார். ஒருநாளும் லீவு சொல்லாத அம்மா, தனக்குத் தெரிந்த டொச்சில், இன்று வரவில்லை, மகளின் பள்ளிக்கூடத்துக்குப் போகிறேன் என்று குரல் பதிந்து அனுப்பினார். இரண்டு தரம் பிழைத்து மூன்றாம் தரம் சரியாகச் சொன்னார். பிறகு என்னிடம் திரும்பினார்.

"அவை கூப்பிடத் தேவையில்லை. நானும் வாறன்."

அதே சொல். நீங்கள் அப்படிச் சொன்னதை மட்டும் நான் அம்மாவுக்குச் சொல்லவில்லை. நான் இந்தக் கடிதத்தில் மட்டும்தான் எழுதியிருக்கிறேன்.

இப்போது அம்மா குளிக்கிறார். உங்கள் வெள்ளைச் சட்டைக்குப் பதிலாகத் தன் நீலச் சட்டையை எடுத்து ஸ்திரிக்கை போட்டு வைத்திருக்கிறார். நான் பட்டியலை எழுதிவிட்டேன். உங்களுக்கு வாசிக்கிறேன்.

ஒன்று, கலைக்களஞ்சியம், நாலு வரி. இரண்டு, ரூர் ஆறு, ஒரு அப்பிளின் இரண்டு பாதிகள், நேரம் பிடித்தது நான். மூன்று, என் மாமா, வள்ளம் ஓட்டியவர், விரிப்பு மடித்தவர், எங்கள் குசினியில் சொன்னது. நான்கு, என் அம்மா, கரையில் நின்று பார்த்தவர். இதில் தம்பியின் கதை பிரெஞ்சு வீரருடையது அல்ல. அவருடைய வள்ளத்தில் இருந்த இரண்டாவது ஆளின் பெயர் யாருக்கும் தெரியாது. எங்கள் வள்ளத்தில் இருந்தவரின் பெயர் எனக்குத் தெரியும். அதைக் கீழே எழுதுகிறேன்.

சின்ன மாமாவின் முழுப்பெயரை முதல்முறையாக டொச் எழுத்தில் எழுதினேன். எப்படி எழுதுவது என்று அம்மாவைக் கேட்க, குளியலறைக் கதவுக்குள்ளிருந்து ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார்.

பயம் போகவில்லை. ஆசிரியையின் முகம் எப்படி மாறும் என்றே இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறேன். அந்தப் புள்ளி போய்விடும், சுவரில் மாட்டாமலும் விடுவார்கள். ஆனால் போகிற பாதை தெரிகிறது. பள்ளிக்கூடத்து நடைகூடம் நீளமானது. நடுவால் போனால் எல்லாரும் இடித்துக்கொண்டு ஓடுவார்கள். நானும் அம்மாவும் சுவரோடு ஒட்டிப் போகப்போகிறோம், படத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு.

இனி வெளிச்சத்தை ஒளிக்கத் தேவையில்லை. ஷட்டரைத் தூக்குகிறேன். பட்டியில் உங்கள் முடிச்சு கீழே இறங்கி என் கைக்கு வருகிறது.